ஆர்க்கிமிடீஸ் தராசுப் பெட்டி: ஓட்டையை மாற்றிய பிறகு நன்றாக இருக்கிறது

எங்கள் அப்பா விருதுநகரில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பருப்பு மண்டி, மிளகாய் வற்றல் மண்டி, எண்ணெய்க் கடை என்று எல்லா இடத்துத் தராசும் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வரும். அரசாங்கம் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் நாள் நெருங்கினால் வீட்டில் நடக்க இடம் இருக்காது. அந்த வீட்டில் வளர்ந்த நான் இப்போது ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அதனால் இணையத்தில் "ஆர்க்கிமிடீஸ் நெம்புகோல், வடிவியல் பெட்டி" என்று ஒன்றைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டேன். விலை 1,850 ரூபாய். நான்கு மாதமாக ட்யூஷனில் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று இரண்டு மூன்று டீச்சர்கள் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெட்டியின் குறையை அவர்களுக்கே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: 44 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மரக்கோல், அதில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பத்து ஓட்டைகள், ஒரு தாங்கி, கொக்கி வைத்த 20 இரும்பு வளையங்கள், 4 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டிய முக்கோணங்கள், ஓர் இணைகரம், ஒரு சரிவகம், ஒரு பரவளையத் துண்டு. இவை போக மரத்தில் கடைந்த உருளை, கோளம், கூம்பு. எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடும் உண்டு.

முதல் நாள் அண்ணன் மகள்தான் பெட்டியைப் பிரித்துப் பூட்டினாள். ஒன்பதாவது படிக்கிறாள். கோலைத் தாங்கியில் மாட்டி, இரண்டு பக்கமும் ஐந்தாவது ஓட்டையில் ஆளுக்கொரு வளையம் போட்டாள். கோல் சடாரென்று இடது பக்கம் சாய்ந்து தாங்கியில் இடித்து நின்றது. கையால் தூக்கி நேராக்கி விட்டாள். இப்போது வலது பக்கம் சாய்ந்தது. "அத்தை, வளையம் ரெண்டும் ஒரே எடைதானே?" என்றாள். நிறுத்துப் பார்த்தோம், ஒரே எடைதான். வளையங்களைக் கழற்றிவிட்டு வெறும் கோலை விட்டாலும் அப்படியேதான். எந்தப் பக்கம் லேசாகத் தட்டினாலும் அந்தப் பக்கமே போய்ப் படுத்துக்கொண்டது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கொக்கி மாட்டும் ஓட்டைகள் கோலின் நடுக்கோட்டில் இருக்கின்றன. தாங்கும் ஆணிக்கான ஓட்டை அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே விழுந்திருக்கிறது. அப்பா கடையில் இப்படி ஒரு கோல் வந்தால் அதைத் தராசு என்றே சொல்லமாட்டார். "முள்ளு துள்ளணும், துள்ளிட்டுத் திரும்பி வரணும்" என்பார். திரும்பி வராத கோலில் எதை நிறுப்பது?

இந்தக் கேள்வியை அப்பாவுக்கு 2,300 வருடத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அரிஸ்டாட்டிலின் பெயரில் வந்திருக்கும் 'இயந்திரவியல் சிக்கல்கள்' என்ற சின்ன நூல் அது. அவருடைய பள்ளியைச் சேர்ந்த வேறு யாரோ எழுதியது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முழுக்க முழுக்கக் கேள்வி பதில்தான். அதில் இரண்டாவது கேள்வி: தராசுக்கோலை மேலிருந்து கயிற்றில் தூக்கினால், ஒரு பக்கம் எடையை வைத்து எடுத்ததும் கோல் பழையபடி திரும்பி வருகிறது, கீழேயிருந்து தாங்கினால் திரும்புவதில்லை, ஏன்? பதிலும் அங்கேயே இருக்கிறது. மேலே தூக்கிய கோல் சாயும்போது, தூக்கு நூலுக்கு நேர்கோட்டில் ஒரு கோடு போட்டால், கோலின் பெரும்பகுதி உயர்ந்த பக்கத்தில் இருக்கும். அது தன் கனத்தால் கீழே வந்து கோலை நேராக்கும். கீழே தாங்கினால் பெரும்பகுதி சாய்ந்த பக்கத்துக்குப் போய்விடும், இன்னும் சாய்க்கும். என் வீட்டு மேஜையில் நடந்தது இரண்டாவது வகை. ஆர்க்கிமிடீஸ் பெயரைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்தவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே வருத்தம். தராசு வீட்டில் வளர்ந்த எனக்குக் காரணம் தெரிந்தது. தெரியாத ஒரு டீச்சர் வாங்கி வகுப்பில் மாட்டினால், பிள்ளைகள் முன்னால் "சம எடை, சம தூரம், ஆனா சாயுது" என்றல்லவா ஆகும்? அந்தப் பிள்ளைகள் அதற்கப்புறம் நெம்புகோல் விதியை எப்படி நம்புவார்கள்?

சரி, சரிசெய்தேன். பழைய ஓட்டைக்கு நேர் மேலே, நடுக்கோட்டிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில் புதிதாக ஓர் ஓட்டை போட்டேன். கோல் உடனே நேராக நின்றது. ஆனால் ரொம்பவும் மந்தமாகிவிட்டது. ஆதாரத்துக்கு, அதாவது கோலைத் தாங்கும் ஆணிக்குப் பக்கத்தில் கனமான பொருள்களைத் தொங்கவிட்டால், ஒரு கிராம் கூடக் குறைய இருந்தாலும் முனை நகர்ந்தது சரியாகத் தெரியவில்லை. பிறகு நடுக்கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே இன்னொரு ஓட்டை போட்டேன். அது கச்சிதம். அதே ஒரு கிராமுக்கு முனை ஒரு விரல் அகலம் இறங்குகிறது, எடுத்தால் திரும்பி வருகிறது. தாங்க அவர்கள் கொடுத்திருந்த தடித்த ஆணியையும் எடுத்துவிட்டு, சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். உராய்வு பாதிக்கு மேல் குறைந்தது. நல்ல தராசில் இந்த இடத்தில் கத்தி மாதிரி கூர்மையான விளிம்புதான் இருக்கும். அப்பா அதைத் தீட்டும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது.

அதே நூலின் முதல் கேள்வியையும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன்: சின்னத் தராசைவிடப் பெரிய தராசு ஏன் துல்லியமாகக் காட்டுகிறது? அந்த நூல் சொல்லும் காரணம் வட்டம். ஆதாரத்தை மையமாக வைத்துக் கோலின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டத்தில் நகர்கிறது. தூரத்தில் உள்ள புள்ளி பெரிய வட்டத்தில் நகர்கிறது, அதே சாய்வுக்கு அதிக தூரம் போகிறது, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியானால் தங்கம் நிறுக்கிற தராசு ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. கோல் லேசாக இருப்பதும் கத்தி விளிம்பு கூர்மையாக இருப்பதும் அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகின்றன என்று சொன்னேன்.

அந்த முதல் கேள்வியின் கடைசியில் ஒரு விஷயம் வருகிறது. அதைப் படித்த அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டிருப்பேன். ஊதாச்சாயம் விற்கிற வணிகர்கள் தராசில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த நூலை எழுதியவர் சொல்லியிருக்கிறார். தூக்குக் கயிற்றை நட்டநடுவில் கட்டாமல் சற்றுத் தள்ளிக் கட்டுவார்களாம். கோலின் ஒரு பக்கத்துக்குள் ஈயத்தை ஊற்றி வைப்பார்களாம். அதுவும் இல்லாவிட்டால், ஒரு பக்கம் கனமாக இருக்கும்படி வேர்ப்பக்க மரத்திலோ கணு உள்ள மரத்திலோ கோலைச் செய்வார்களாம். எங்கள் ஊர்ச் சந்தையில் தட்டுக்கு அடியில் புளியை அப்பி வைத்த கதைகளை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏமாற்றுகிறவன்கூடச் சமநிலையின் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால்தான் ஏமாற்ற முடியும். அதனால் பெட்டியின் கையேட்டில் "நெம்புகோலைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ்" என்று போட்டிருப்பதைத் திருத்த வேண்டும். தராசும் நெம்புகோலும் அவருக்கு ரொம்ப காலம் முன்பே புழக்கத்தில் இருந்தவை. எகிப்தியர் கல்லறை ஓவியங்களிலேயே தராசு உண்டு. ஆர்க்கிமிடீஸ் செய்தது வேறு. தராசுக்காரர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்த ஒன்றை, யூக்ளிட் வடிவியலை அடுக்கிய மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றாக நிரூபித்துக் காட்டினார்.

யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் வடிவியலைப் 13 பாகமாகத் தொகுத்தவர். ஆர்க்கிமிடீஸ் சிசிலித் தீவில் சிரக்கூஸ் நகரத்துக்காரர். கி.மு. 287 வாக்கில் பிறந்து, கி.மு. 212 இல் ரோமானியர் அந்த நகரத்தைப் பிடித்தபோது கொல்லப்பட்டவர். 'தளங்களின் சமநிலை' என்ற அவருடைய நூல், ஏழு அடிப்படைக் கூற்றுகளோடு தொடங்குகிறது. முதலாவது, சம தூரத்தில் உள்ள சம எடைகள் சமநிலையில் நிற்கும்; தூரம் சமமில்லையென்றால் அதிக தூரத்தில் உள்ள எடையின் பக்கம் சாயும். இதை யாரும் மறுக்கப்போவதில்லை. இதையும் இன்னும் சிலவற்றையும் வைத்துக்கொண்டு, ஆறாவது, ஏழாவது தேற்றங்களில் நெம்புகோல் விதிக்கு வந்து சேர்கிறார்: எடையை ஆதாரத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்போது கோல் நேராக நிற்கும்.

ஆறாவது தேற்றத்தை இந்தப் பெட்டியில் அப்படியே செய்து காட்டலாம். கையேட்டில் இது இல்லை. நானே பிள்ளைகளோடு செய்தது இது, நீங்களும் செய்துபாருங்கள். ஆறு வளையங்களை எடுத்து இடது பக்கம் 5, 3, 1 ஆம் ஓட்டைகளிலும் வலது பக்கம் 1, 3, 5 ஆம் ஓட்டைகளிலும் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். கோல் நேராக நிற்கும். இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இப்போது இடது ஓரத்திலிருந்து நான்கு வளையங்களை மட்டும் மனதில் ஒரு கூட்டமாகப் பிரியுங்கள்: இடது 5, 3, 1, அப்புறம் வலது 1. இவற்றின் நடு எங்கே? இடது 2 ஆம் ஓட்டை. மீதி இரண்டு வளையங்கள் வலது 3, 5. அவற்றின் நடு வலது 4. அந்த நான்கையும் கழற்றி மொத்தமாக இடது 2 இல் மாட்டுங்கள். இரண்டையும் மொத்தமாக வலது 4 இல் மாட்டுங்கள். கோல் அசையாது. நான்கு எடைக்கு இரண்டு தூரம், இரண்டு எடைக்கு நான்கு தூரம். விதியை யாரும் சொல்லித் தரவில்லை, அது தானாக வந்து நின்றது. அன்றைக்கு வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் எழுந்து போகவில்லை. எட்டு வளையம், பத்து வளையம் என்று மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் மகள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அத்தை, நாலு வளையத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தா ஒண்ணும் மாறாதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்? அதுதானே நாம நிரூபிக்க வேண்டியது?" 1883 இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் ஆர்க்கிமிடீஸ் மேல் வைத்த குற்றச்சாட்டு கிட்டத்தட்ட இதேதான். ஆர்க்கிமிடீஸின் ஐந்தாவது தேற்றம் அந்த இடத்தைத் தாங்குகிறது, அது போதுமா போதாதா என்று இன்றும் பேசுகிறார்கள். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் அந்த இடத்துக்குத் தானாக வந்ததைப் பார்த்த பிறகு, பெட்டிக்குக் கொடுத்த 1,850 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பிளைவுட் துண்டுகள் இந்தப் பெட்டியிலேயே நேர்த்தியானவை. விளிம்பு பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறார்கள், ஓட்டைகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. முக்கோணத்தை ஒரு மூலையில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி நூலில் ஒரு வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் விழும் கோட்டைப் பென்சிலால் வரையலாம். மூன்று மூலைக்கும் செய்தால் மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டும். ஒவ்வொரு கோடும் எதிர்ப்பக்கத்தின் நடுவில் போய் முடியும். நடுக்கோட்டு மையம் என்று பாடப் புத்தகத்தில் படித்த புள்ளியை விரல் நுனியில் வைத்துப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் இதை 14 ஆவது தேற்றத்தில் நிரூபித்தார். சரிவகத்துக்கு 15 ஆவது. இணைகரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, மூலைவிட்டங்கள் வெட்டும் இடம்தான்.

பரவளையத் துண்டுதான் இந்தப் பெட்டியின் நகை. பரவளையம் என்பது வீசி எறிந்த பந்து போகும் பாதையின் வளைவு; அதைக் குறுக்கே ஒரு கோட்டால் வெட்டினால் கிடைக்கும் துண்டு அது. அதே அடிப்பக்கமும் அதே உயரமும் உள்ள முக்கோணம் ஒன்றும் கூடவே இருக்கிறது. வளைந்த விளிம்புள்ள இந்தத் துண்டின் பரப்பு, முக்கோணத்தைப் போல எத்தனை மடங்கு? ஆர்க்கிமிடீஸ் இதற்கு 4/3 என்று விடை கண்டு, தன் நண்பர் டொசிதியஸுக்கு எழுதி அனுப்பினார். அந்த நூலில் இரண்டு நிரூபணங்கள் உண்டு. ஒன்றில் உருவங்களைத் தராசில் தொங்கவிட்டு யோசிக்கிறார். மற்றதில் முக்கோணத்தின் இரு பக்கமும் மிஞ்சுகிற இடங்களில் சின்ன முக்கோணங்களை வரைந்து நிரப்பிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு சுற்றிலும் சேரும் பரப்பு முந்தைய சுற்றில் நாலில் ஒரு பங்கு. ஒன்று, அதில் கால், அதில் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் 4/3 ஐ நெருங்கும். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எடையில் சோதித்தேன். என் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் முக்கோணம் 36 கிராம், பரவளையத் துண்டு 48 கிராம். கோலில் முக்கோணத்தை இடது 8 ஆம் ஓட்டையிலும் பரவளையத்தை வலது 6 ஆம் ஓட்டையிலும் மாட்டினேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நேராக நின்றது. இதை வெட்டிய கைக்கு என் வணக்கம். பெட்டி செய்தவர்கள் கோலுக்கும் இதே கவனத்தைக் கொடுத்திருக்கலாம்.

கடைந்த உருளை, கோளம், கூம்புக்கு வருகிறேன். கையேட்டின் ஆறாம் பக்கம் "ஆர்க்கிமிடீஸின் முறைப்படி கோளத்தின் கன அளவைக் காணுங்கள்" என்கிறது. மூன்றுமே 5 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் உயரம். அப்படியானால் கூம்பு, கோளம், உருளை மூன்றின் எடையும் 1, 2, 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கூம்பையும் கோளத்தையும் ஒரு பக்கம் போட்டால் உருளைக்குச் சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. கூம்பு 24 கிராம், கோளம் 49 கிராம், உருளை 66 கிராம். கோளமும் கூம்பும் ஒரு மரம், உருளை வேறு மரம். கண்ணால் பார்த்தாலே நிறம் வேறு. ஒரே கட்டையில் கடைய வேண்டும் என்பது தெரியாத விஷயமா? உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் உருவங்களாகக் கொடுத்திருந்தால் தண்ணீர் ஊற்றியாவது பார்த்திருப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆறாம் பக்கத்தில் இருப்பது ஆர்க்கிமிடீஸின் முறையே இல்லை. அவருடைய முறை இதைவிட எவ்வளவோ அழகு. அதை எப்படியும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று எங்கள் தெருக் கோடியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். "அண்ணே, ஒரே தேக்குக் கட்டையில மூணு உருவம் கடைஞ்சு தரணும். 5 சென்டிமீட்டர் விட்டத்துல ஒரு பந்து. 10 சென்டிமீட்டர் விட்டம், 5 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கூம்பு. அதே அளவுல ஒரு உருளை" என்றேன். "பம்பரமா தங்கச்சி?" என்று கேட்டவர், விஷயத்தைச் சொன்னதும் மரத்தை மாற்றிவிடாமல் ஒரே கட்டையில் கடைந்து கொடுத்தார். 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். உருளை 255 கிராம், கூம்பு 85, பந்து 43.

ஆர்க்கிமிடீஸ் என்ன செய்தார் என்றால், உருவங்களை மனதில் மெல்லிய வில்லைகளாகச் சீவினார். பந்தின் விட்டத்தை 10 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கூம்பு, உருளை இரண்டின் உயரமும் ஆரமும் 10 பங்கு. ஒரே தடிமனுள்ள வில்லைகளின் எடை அவற்றின் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தராசுக்கோலின் ஒரு கையை உருளையின் அச்சாகப் பாவித்து, ஆதாரத்திலிருந்து உருளை, கூம்பு, பந்து மூன்றும் அந்த அச்சிலேயே ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூம்பின் கூர்முனை ஆதாரத்தில் இருக்கிறது. ஆதாரத்திலிருந்து 3 பங்கு தூரத்தில் கத்தியை வைத்து மூன்றையும் ஒரே வெட்டாக வெட்டுவோம். பந்தின் வில்லைக்கு ஆரத்தின் வர்க்கம் 3 ஐ 7 ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 21. கூம்பின் வில்லைக்கு 3 இன் வர்க்கம், 9. இரண்டும் சேர்ந்து 30. உருளையின் வில்லைக்கு எப்போதும் 100. இப்போது பந்து, கூம்பு வில்லைகளை எடுத்துத் தராசின் மறு கையில் 10 பங்கு தூரத்தில் தொங்கவிட்டால் 30 பெருக்கல் 10, 300. உருளையின் வில்லை இருந்த இடத்திலேயே 3 பங்கு தூரத்தில் இருக்கிறது, 100 பெருக்கல் 3, அதுவும் 300. சமம்! 4 பங்கு தூரத்தில் வெட்டினால் 24, 16, சேர்ந்து 40; இங்கே 400, அங்கே 400. எங்கே வெட்டினாலும் சமம். அப்படியானால் எல்லா வில்லைகளையும் சேர்த்தாலும் சமம். முழுப் பந்தும் முழுக் கூம்பும் 10 பங்கு தூரத்தில் தொங்கினால், இருந்த இடத்திலேயே இருக்கும் முழு உருளைக்குச் சமம். உருளையின் ஈர்ப்பு மையம் அதன் நடுவில், 5 பங்கு தூரத்தில். ஆகவே பந்தும் கூம்பும் சேர்ந்து உருளையில் பாதி. கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று என்பது யூக்ளிட்டின் 12 ஆவது பாகத்திலேயே இருக்கிறது. பாதியிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று. அதுதான் பந்து. பந்தை மட்டும் அளவாகச் சுற்றி நிற்கும் சின்ன உருளை இந்தப் பெரிய உருளையில் நாலில் ஒன்று. எனவே பந்து அதில் மூன்றில் இரண்டு.

நான் தேக்கு உருவங்களை நூலில் கட்டிக் கோலில் மாட்டினேன். பந்தும் கூம்பும் ஒரே நூலில் இடது 4 ஆம் ஓட்டையில், உருளை வலது 2 ஆம் ஓட்டையில். இரட்டைத் தூரம், பாதித் தூரம். கோல் மெதுவாக ஆடி, ஒரு பக்கம் ஒரு மயிரிழை தாழ்ந்து நின்றது. அந்த மயிரிழை பந்தில் இருந்த கொக்கியின் எடை. கொக்கியைக் கழற்றி நூலை ஒட்டினேன், நேராக நின்றுவிட்டது. அண்ணன் மகள் கையைத் தட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. கிட்டே போய்க் கோலைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கோளமும் உருளையும் சேர்ந்த அந்த உறவை ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் வைக்கச் சொன்னார் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் என்ற கிரேக்கர் எழுதியிருக்கிறார். கி.மு. 75 இல் சிசிலியில் பதவியில் இருந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். மேலே ஒரு கோளமும் உருளையும் இருந்ததை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கையேட்டில் கிரீடக் கதைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பிற்காலத்தில் சொன்ன கதை, ஆர்க்கிமிடீஸின் சொந்த நூல்களில் இல்லை. அந்தப் பக்கத்தை இந்தக் கல்லறைக்குக் கொடுத்திருக்கலாம். அல்லது இந்த முறையை விவரிக்கும் நூல் நமக்குக் கிடைத்த கதைக்காவது கொடுத்திருக்கலாம்.

அது அப்படிப்பட்ட கதை. அலெக்சாந்திரியாவின் நூலகராக இருந்த எரட்டோஸ்தனிஸுக்கு ஆர்க்கிமிடீஸ் கடிதமாக எழுதிய நூல் அது. தராசால் யோசிப்பது முழு நிரூபணம் ஆகாது, ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நிரூபணத்தைத் தேடுவது சுலபம் என்று அதில் மனம் திறந்து சொல்கிறார். இந்த முறையைக் கொண்டு இப்போது இருப்பவர்களோ இனி வரப்போகிறவர்களோ தனக்குத் தோன்றாத தேற்றங்களைக் கண்டுபிடிப்பார்கள் என்று நம்புவதாகவும் எழுதுகிறார். கூம்பு உருளையில் மூன்றில் ஒன்று என்பதை நிரூபித்தவர் யூடாக்சஸ் என்ற கணித அறிஞர் என்றாலும், நிரூபிக்காமல் முதலில் சொன்ன தத்துவ அறிஞர் டெமாக்ரிட்டஸுக்கும் அதில் பங்கு உண்டு என்று மறக்காமல் குறிப்பிடுகிறார். பெருந்தன்மை என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 10 ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதிய ஒரு பிரதி மிஞ்சியது. 1229 இல் அதன் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாள்களை மடக்கி, மேலே பிரார்த்தனைப் புத்தகம் எழுதிவிட்டார்கள். 1906 இல் ஹைபர்க் என்ற டென்மார்க் அறிஞர் கான்ஸ்டான்டினோபிளில் அதைப் பார்த்து, கீழே மங்கலாகத் தெரிந்தது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுகொண்டார். அப்புறம் அது காணாமல் போய், 1998 இல் நியூயார்க் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர் அதைப் பால்டிமோர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். சில பக்கங்களைப் படிக்க, மையில் இருந்த இரும்பை எக்ஸ் கதிரால் தேட வேண்டியிருந்தது.

எனவே, வாங்கலாமா? கையில் துளைப்பான் இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் வாங்கலாம். பிளைவுட் துண்டுகளுக்கும் வளையங்களுக்கும் மட்டுமே கொடுத்த காசு தகும். வந்தவுடன் அப்படியே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த நினைப்பவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நிறுவனத்துக்கு எழுதியதற்கு, அடுத்த தொகுப்பில் ஓட்டையின் இடத்தைப் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கையேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மர உருவங்கள் மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு, மேலே கொடுத்த அளவுகளை உங்கள் ஊர்க் கடைசல்காரரிடம் கொடுங்கள். ஒரே கட்டை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

கோலில் ஓட்டை போடும்போது 2 மில்லிமீட்டர் துளைப்பான் போதும். கோலை இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு துளையுங்கள். இல்லையென்றால் மேல் விளிம்பு பிளந்துவிடும். புது ஓட்டை இடது, வலது இரண்டு பக்க ஓட்டைகளுக்கும் சரிநடுவில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும், ஊதாச்சாய வணிகர் தராசு போல ஒரு பக்கம் எப்போதும் தாழ்ந்தே காட்டும்.